50-க்கும் 65-க்கும் இடையில் இழுவை இல்லாத பழைய புல்லட்: என்ஜினைப் பிரிக்கும் முன் எதைப் பார்ப்பது?

திருமங்கலம் புல்லட்காரர் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1989-இல் பதிவான ராயல் என்ஃபீல்டு புல்லட் 350. வலது காலில் கியரும் இடது காலில் பிரேக்கும் உள்ள பழைய காஸ்ட் அயர்ன் என்ஜின், மிக்கார்ப் கார்புரேட்டர், பிளாட்டினம் பாயிண்ட் (மின்சாரத்தைத் துண்டித்துப் பொறியை உண்டாக்கும் முனைகள்) வைத்த இக்னிஷன். திருமங்கலத்தில் இருந்து மதுரைக்கு வேலைக்குப் போய் வருவது இந்த வண்டியில்தான் என்பதால் இதன் குணம் எனக்கு நன்றாகவே பழக்கம். அதனால்தான் சில மாதங்களாக இருக்கும் ஒரு குறை என்னை மிகவும் உறுத்துகிறது.

காலையில் வண்டி எளிதாக ஸ்டார்ட் ஆகிறது; ஐடிலிங் சீராக நிற்கிறது; 45 வரை குறை சொல்ல ஒன்றும் இல்லை. டாப் கியரில் 50-ஐத் தொட்டதும் இழுவை அற்றுப்போகிறது. ஆக்சிலேட்டரை மேலும் முறுக்கினால் வேகம் கூடுவதில்லை. சில சமயம் கார்புரேட்டர் தும்முகிறது. அப்படியே பொறுத்து முறுக்கிப் பிடித்திருந்தால், 65-ஐத் தாண்டியதும் விட்டுப்போன இழுவை திரும்பி வந்து 80 வரை தடையின்றிப் போகிறது. கப்பலூர் சுங்கச்சாவடியைத் தாண்டி லாரிகளை முந்த வேண்டிய இடத்தில் நமக்குத் தேவைப்படுவது சரியாக இந்த 50-க்கும் 65-க்கும் இடைப்பட்ட இழுவைதான் என்பதால், இது வெறும் எரிச்சலாக இல்லாமல் ஆபத்தாகவும் இருக்கிறது.

பிளக், கண்டன்சர், காயில், பிளாட்டினம் செட் ஆகியவற்றை மாற்றியாயிற்று. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவியும் பார்த்தாயிற்று. குறையில் ஒரு மாற்றமும் இல்லை. இப்போது வண்டியைப் பார்க்கும் மெக்கானிக், போர் (பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உட்சுவர்) தேய்ந்திருக்கும், என்ஜினை இறக்கிப் பிரித்தால்தான் எதையும் சொல்ல முடியும் என்கிறார். சம்மதம் சொல்வதற்கு முன் உங்களைக் கேட்க விரும்புகிறேன்.

உதவலாம் என்று தோன்றும் சில செய்திகளையும் சொல்லிவிடுகிறேன். குறை தொடங்குவதற்குச் சற்று முன்பு சைலன்சரை மாற்றினேன். பழையது துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டதால், உள்ளே தடுப்புத் தகடுகள் இல்லாத திறந்த வகை ஒன்று போடப்பட்டது. ஏறக்குறைய அதே காலத்தில் மைலேஜ் கூடுவதற்காக ஒரு டியூனிங்கும் செய்யப்பட்டது. மார்கழிக் காலையில் என்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகும் குறை அதிகமாகவே தெரிந்தது. சித்திரை வெயிலில் நண்பகலில் ஓட்டினால் சற்றுக் குறைகிறது. இன்னொன்று எனக்கே வியப்பாக இருந்தது: வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் சென்றபோது, பெருமாள்மலையைத் தாண்டிய பிறகு இந்தத் திணறல் ஏறக்குறைய மறைந்தே போயிற்று. மலையில் இறங்கி வந்ததும் மறுபடி தொடங்கிவிட்டது. இதற்கு ஏதேனும் பொருள் உண்டா?

பழங்காநத்தம் பட்டறை பதில்:

தம்பிக்கு வணக்கம். முதலில், என்ஜினைப் பிரிக்கச் சம்மதிக்க வேண்டாம். போர் தேய்ந்த வண்டி 50-க்கும் 65-க்கும் இடையில் மட்டும் இழுவையை விட்டுவிட்டு, அதற்கு மேல் போனதும் திருப்பித் தராது. தேய்மானம் இருந்தால் கிக்கரில் பிடிப்பு குறையும், புகை வரும், ஆயில் குறையும், மேட்டில் எல்லா கியரிலும் சோர்வு தெரியும். ஒரு சிறிய சோதனையைக் கையோடு செய்துவிடுங்கள். சாவியை அணைத்துவிட்டு, டி-கம்ப்ரஷன் லீவரை (சிலிண்டரின் அழுத்தத்தை வெளியே விடும் லீவர்) தொடாமல், கிக்கரைக் கம்ப்ரஷன் வரும் இடத்துக்குக் கொண்டுவந்து உடம்பின் எடையை அதன் மேல் மெல்ல ஏற்றுங்கள். சில நொடிகள் கிக்கர் உங்களைத் தாங்கி நின்று, பிறகு மெதுவாக இறங்கினால், ரிங்கும் வால்வும் இன்னும் வேலை செய்கின்றன என்று நம்பலாம். கால் வைத்ததும் சரிந்து இறங்கினால் மட்டும் என்ஜினைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

இப்போது குறைக்கு வருவோம். இத்தகைய புகாருடன் வரும் வண்டிகளில் உதிரிபாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போவதுதான் வழக்கமாக நடக்கிறது. அதற்கு முன் கேட்க வேண்டிய ஒரே கேள்வி உண்டு: இந்தக் குறை உங்கள் கை முறுக்கும் அளவைப் பொறுத்து வருகிறதா, என்ஜின் சுற்றும் வேகத்தைப் பொறுத்து வருகிறதா? இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். ஆனால் இரண்டுக்கும் காரணங்கள் முற்றிலும் வேறு. கை அளவைப் பொறுத்து வந்தால் குறை கார்புரேட்டரில் இருக்கிறது. சுற்றும் வேகத்தைப் பொறுத்து வந்தால் டைமிங் (பொறி விழும் நேரம்), அட்வான்ஸ் (வேகத்துக்கு ஏற்ப அதை முன்னே நகர்த்துவது), வால்வு, சைலன்சர் என்று வேறு பக்கம் தேட வேண்டும்.

இதைப் பிரித்தறிய ஒரு துண்டு வெள்ளை டேப் போதும். ஆக்சிலேட்டர் பிடியைச் சுற்றி அதை ஒட்டி, மூடிய நிலை, கால், அரை, முக்கால், முழுமை என்று பேனாவால் கோடு போடுங்கள். அருகில் உள்ள அசையாத பகுதியில் ஒரு கோடு போட்டால், எந்த அளவில் பிடித்திருக்கிறீர்கள் என்பது ஒரு பார்வையில் தெரியும். என்ஜின் நன்றாகச் சூடேறிய பின், போக்குவரத்துக் குறைந்த நேரத்தில், கள்ளிக்குடி பக்கம் நான்கு வழிச் சாலையில் நேரான சமதளமான பகுதியைத் தேர்ந்துகொள்ளுங்கள். முதலில் டாப் கியரில் ஓட்டி, இழுவை விடும் இடத்தில் வேகம் என்ன, கோடு எங்கே நிற்கிறது என்று மனத்தில் கொள்ளுங்கள். பிறகு மூன்றாவது கியரில் அதையே செய்யுங்கள்.

உங்கள் வண்டியில் ஆர்பிஎம் மீட்டர் இல்லை. அதற்கும் வழி உண்டு. இந்த நான்கு கியர் பெட்டியில் டாப் நேரடி இணைப்பு, மூன்றாவது கியரின் விகிதம் 1.36. ஆகவே டாப்பில் 60-இல் என்ஜின் எவ்வளவு சுற்றுகிறதோ, மூன்றாவதில் ஏறக்குறைய 44-இலேயே அவ்வளவு சுற்றிவிடும். மூன்றாவதில் ஓட்டும்போது, கோடு எங்கே இருந்தாலும் 37-க்கும் 48-க்கும் இடையில் திணறல் வந்தால், அது சுற்றும் வேகத்தோடு ஒட்டிய குறை. வேகம் எதுவாக இருந்தாலும் கோடு அதே இடத்துக்கு வரும்போதெல்லாம் திணறல் வந்தால், அது கார்புரேட்டர். ஐயம் தீரவில்லை என்றால், உசிலம்பட்டியைத் தாண்டி ஆண்டிபட்டிக் கணவாய் ஏற்றத்தில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஏற்றத்தில் குறைந்த வேகத்திலேயே அதிகமாக முறுக்க வேண்டியிருக்கும் என்பதால், கையையும் வேகத்தையும் அந்தச் சாலை தெளிவாகப் பிரித்துக் காட்டிவிடும்.

இதைச் செய்து முடிக்கும் வரை புதிதாக எதையும் வாங்க வேண்டாம்.

நாகமலை வாசி பதில்:

பட்டறை அண்ணன் சொன்ன சோதனைதான் முதலில் செய்ய வேண்டியது. கொடைக்கானல் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது மிக முக்கியமான செய்தி என்பதால் அதைப் பற்றி மட்டும் சற்று விரிவாக எழுதுகிறேன்.

கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. மதுரையோ நூறு மீட்டரை ஒட்டிய உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி சமவெளியில் இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டருக்கு இது தெரியாது. அதே ஜெட்டின் (அளவான சிறு துளையின்) வழியாகப் பெட்ரோலை விட்டுக்கொண்டிருக்கும். காற்றின் எடை குறைகிற அளவுக்குப் பெட்ரோல் குறைவதில்லை என்பதால், மேலே ஏற ஏறக் கலவையில் பெட்ரோலின் பங்கு கூடிக்கொண்டே போகும். சமவெளியில் சரியாக டியூன் செய்த வண்டி மலையில் சற்றுப் புகைந்து சோர்வது இதனால்தான். உங்கள் வண்டியோ நேர்மாறாக மலையில் சரியாகிறது. அப்படியானால் சமவெளியில் அந்த இடைப்பட்ட பகுதியில் பெட்ரோல் போதாமல் இருக்கிறது என்பதே நேரான ஊகம். மார்கழிக் காலையில் குறை கூடுவதும் இதே பக்கம்தான் கை காட்டுகிறது: குளிர்ந்த காற்று அடர்த்தியானது, அதற்கு அதிகப் பெட்ரோல் வேண்டும். சித்திரை நண்பகலில் காற்று இளகியிருப்பதால் பற்றாக்குறை சற்று மறைந்துவிடுகிறது. கார்புரேட்டர் தும்முவதும் பெரும்பாலும் பெட்ரோல் குறைந்த கலவை மெதுவாக எரிவதன் விளைவே.

இந்த ஊகத்தை உறுதி செய்ய சோக் (குளிர்ந்த என்ஜினுக்குக் கூடுதல் பெட்ரோல் தரும் அமைப்பு) உதவும். ஓடும் வண்டியில் குனிந்து சோக் லீவரைத் தொட முயலாதீர்கள். வண்டியை ஓரமாக நிறுத்தி, லீவரைச் சிறிதளவு மட்டும் தூக்கி வைத்து, பிறகு அதே சாலையில் அதே பகுதியை ஓட்டிப் பாருங்கள். ஐடிலிங் கெட்டுப்போகும், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். இழுவை விட்டுப்போகும் அந்த இடத்தில் வண்டி முன்பைவிடத் தெளிவாக இழுத்தால், பற்றாக்குறை உறுதி. இன்னும் மோசமாகிக் கனத்த சத்தத்துடன் தடுமாறினால், பெட்ரோல் அதிகமாகிறது என்று பொருள்.

பெட்ரோலைப் பற்றியும் ஒரு சொல். 2023 பிப்ரவரியில் தொடங்கிப் படிப்படியாக நாடு முழுவதும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் வந்துவிட்டது. கலப்பில்லாத பெட்ரோல் ஒரு பங்கு முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 பங்கு எடையுள்ள காற்று வேண்டும், இ20-க்கு 13.5 அளவே போதும். அதாவது அதே காற்றுக்கு இ20 சற்றுக் கூடுதலாகத் தேவைப்படுகிறது. சென்சார் வைத்த புதிய வண்டிகள் இதைத் தாமே சரிசெய்துகொள்ளும். 1989-ஆம் ஆண்டின் ஜெட்டுக்கு அந்த வசதி இல்லை. இது ஒன்றே உங்கள் குறைக்குக் காரணம் என்று நான் சொல்லமாட்டேன், ஏனென்றால் அது எல்லா நிலையிலும் ஒரே அளவில்தான் பாதிக்கும். ஆனால் விளிம்பில் நின்ற ஒரு வண்டியை விளிம்பைத் தாண்டித் தள்ள அது போதும்.

மேலூர் சாலை பதில்:

வணக்கம். கார்புரேட்டரைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நான் பார்த்த பழைய புல்லட்டுகளில் இதே புகாருக்குப் பலமுறை காரணமாக இருந்தது அட்வான்ஸ் யூனிட் என்பதால் அதையும் கேட்டுக்கொள்கிறேன். டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள், பிளாட்டினம் இருக்கும் தட்டின் அடியில், இரண்டு சிறிய எடைகளும் இரண்டு ஸ்பிரிங்குகளும் இருக்கும். என்ஜின் வேகம் கூடும்போது எடைகள் வெளிப்பக்கம் விரிந்து, பொறி விழும் நேரத்தை முன்னே நகர்த்தும். பல ஆண்டுகளாக எண்ணெய் காணாத வண்டியில் எடைகள் மாட்டியிருக்கும் ஊசிகள் துருப்பிடித்து எடைகள் இறுகிவிடும். அப்போது ஐடிலிங் சரியாக இருக்கும், ஸ்டார்ட்டும் சரியாக இருக்கும், நடுவில்தான் வண்டி சோம்பும்.

பிளாட்டினம் செட்டை மாற்றியவர் தட்டின் அடியில் பார்த்திருப்பாரா என்பது ஐயமே. மூடியைத் திறந்து, கேம் தண்டை விரலால் அது திரும்பும் திசையில் திருப்பி விடுங்கள். ஸ்பிரிங் இழுத்து அது தானாகச் சட்டென்று பழைய இடத்துக்கு வர வேண்டும். தயங்கி வந்தாலோ பாதியில் நின்றாலோ, கழற்றிச் சுத்தம் செய்து ஒரு சொட்டு எண்ணெய் இட வேண்டும். கூடவே பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்கிறதா என்று ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடு) வைத்துப் பார்த்துவிடுங்கள். இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும் என்பதால், இடைவெளியைச் சரிசெய்த பிறகே டைமிங்கைப் பார்க்க வேண்டும்; அட்வான்ஸ் விரியாத நிலையில், பிஸ்டன் உச்சிக்கு 0.8 மில்லிமீட்டர் முன்பு பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். ஹெட்லைட் மேல் உள்ள ஆம்ப் மீட்டரின் முள் நடுவுக்குத் திரும்பும் கணமே பாயிண்ட் திறக்கும் கணம். தனியாக விளக்கு எதுவும் வேண்டாம்.

பழங்காநத்தம் பட்டறை பதில்:

மேலூர் நண்பர் சொல்வது நியாயமான ஐயம், அந்த விரல் சோதனையைத் தம்பி கட்டாயம் செய்ய வேண்டும். ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனிக்கச் சொல்கிறேன். அட்வான்ஸ் முழுவதும் இறுகிப்போன வண்டி 65-க்கு மேலும் சோம்பிக்கொண்டேதான் இருக்கும். என்ஜின் மிகவும் சூடாகும், சைலன்சர் வளைவு நீலம் பூக்கும். பாதி இறுகி, வேகம் கூடியதும் எடைகள் திடீரென்று விடுபட்டால், இழுவை ஒரு உதறலுடன் திரும்பி வரும். தம்பியின் வண்டியில் இழுவை உதறலுடன் வருகிறதா, படிப்படியாக வருகிறதா என்று எழுதவில்லை. அதையும் பார்த்துச் சொல்லட்டும்.

மற்றொன்று, கார்புரேட்டர் ஃபிளாஞ்சை (என்ஜினோடு சேரும் தட்டையான முகப்பை) அளவுக்கு மீறி இறுக்கி வளைத்துவிட்டால், அங்கே காற்று இழுத்தும் பற்றாக்குறை வரும். ஆனால் அப்படி இழுக்கும் காற்று ஐடிலிங்கில்தான் முதலில் தெரியும், ஏனென்றால் அந்த நிலையில்தான் உறிஞ்சும் விசை அதிகம், உள்ளே போகும் மொத்தக் காற்றோ குறைவு. ஐடிலிங் சீராக நிற்கும் வண்டியில் அதைக் கடைசியாகப் பார்த்தால் போதும். அப்படிப் பார்க்கும்போது, சிலர் செய்வதுபோல் சூடான என்ஜின் மேல் பெட்ரோலை ஊற்றிச் சோதிக்க வேண்டாம், தீப்பிடிக்கும்.

திருமங்கலம் புல்லட்காரர் பதில்:

அண்ணன்மார் அனைவருக்கும் மிக்க நன்றி. சொன்னபடியே செய்து பார்த்தேன். கிக்கர் என் எடையைத் தாங்கி நின்று, மெல்லத்தான் இறங்கியது. கேம் தண்டை விரலால் திருப்பி விட்டால் சட்டென்று திரும்புகிறது. பாயிண்ட் இடைவெளியும் அளவுக்குள் இருக்கிறது. இழுவை திரும்பி வரும்போது உதறல் எதுவும் இல்லை, படிப்படியாகவே வருகிறது.

டேப் ஒட்டி ஓட்டியதில் விடை தெளிவாகக் கிடைத்தது. டாப் கியரில் கால் கோட்டைத் தாண்டியதும் திணறல் தொடங்கி, அரைக் கோட்டைச் சற்றுத் தாண்டும் வரை நீடிக்கிறது. மூன்றாவது கியரில் 35-இல் அந்தக் கோட்டுக்குக் கொண்டுவந்தாலும் திணறுகிறது; 50-இல் கொண்டுவந்தாலும் திணறுகிறது. அதே 44-இல் முக்கால் கோட்டுக்குத் திறந்து பிடித்தால் வண்டி நன்றாகவே இழுக்கிறது. ஆண்டிபட்டிக் கணவாய் ஏற்றத்திலும் இதேதான். சோக்கைச் சிறிது தூக்கி வைத்து ஓட்டியபோது, ஐடிலிங் கெட்டுப்போனாலும், திணறல் பெருமளவு மறைந்துவிட்டது.

அரைக் கோட்டில் சிறிது தூரம் சீராக ஓட்டி, கிளட்சைப் பிடித்து, சாவியை அணைத்து நிறுத்தி, பிளக்கையும் கழற்றிப் பார்த்தேன். பீங்கான் நுனி வெளுத்து, ஏறக்குறைய சுண்ணாம்பு நிறத்தில் இருந்தது. அடியில் உலோகத்தோடு சேரும் இடத்திலும் கரி வளையம் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. அடுத்து என்ன செய்யட்டும்?

பழங்காநத்தம் பட்டறை பதில்:

தம்பி, இனி ஐயத்துக்கு இடமில்லை. கால் திறப்பில் இருந்து முக்கால் திறப்பு வரை பெட்ரோலின் அளவைத் தீர்மானிப்பது நீடில், அதாவது ஆக்சிலேட்டர் கேபிள் தூக்கும் ஸ்லைடில் தொங்கும் கூம்பு ஊசி. அதற்குக் கீழே பைலட் ஜெட்டும் (ஐடிலிங்குக்கான சிறு ஜெட்) ஸ்லைடின் அடி விளிம்பில் உள்ள வெட்டும், அதற்கு மேலே மெயின் ஜெட்டும் பொறுப்பு. ஐடிலிங்கும் முழுத் திறப்பும் நன்றாக இருந்து நடுவில் மட்டும் பற்றாக்குறை இருப்பதால், பைலட் திருகையும் மெயின் ஜெட்டையும் தொடவே வேண்டாம். மைலேஜுக்காக டியூனிங் செய்யப்பட்டது என்று எழுதியிருந்தீர்கள். அங்கேதான் என் கவனம் போகிறது.

பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, கார்புரேட்டரின் மேல் மூடியைத் திருகி எடுத்தால், கேபிளோடு ஸ்லைடு வெளியே வரும். சுற்றிலும் தூசி இருந்தால் திறப்பதற்கு முன் துடைத்துவிடுங்கள். ஒரு மணல் துகள் உள்ளே விழுந்தாலும் ஸ்லைடில் கீறல் விழும். ஸ்பிரிங்கைப் பின்னுக்கு அழுத்திப் பிடித்துக் கேபிள் முனையை விடுவித்தால், ஸ்லைடின் நடுவில் நீடில் தெரியும். அதன் தலைப்பகுதியில் ஐந்து பள்ளங்கள் இருக்கும். அவற்றில் ஒன்றில் மெல்லிய கிளிப் மாட்டியிருக்கும். கிளிப் எத்தனையாவது பள்ளத்தில் இருக்கிறது என்று மேலிருந்து எண்ணி, மாற்றுவதற்கு முன் குறித்துக்கொள்ளுங்கள். கிளிப்பைக் கீழே உள்ள பள்ளத்துக்கு மாற்றினால் நீடில் உயரும், பெட்ரோல் கூடும். மேலே மாற்றினால் நீடில் தாழும், பெட்ரோல் குறையும். பலரும் இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டு செய்துவிடுகிறார்கள்.

நீடிலைக் கையில் எடுத்ததும், வெளிச்சத்தில் பிடித்து அதன் உடம்பைப் பாருங்கள். ஆண்டுக்கணக்கில் ஜெட்டின் சுவரில் உரசிய இடம் ஒரு பக்கம் மட்டும் பளபளப்பாகத் தெரியும். நகத்தால் மேலிருந்து கீழே வருடினால், தேய்ந்த இடத்தில் நகம் லேசாகத் தட்டும். தேய்ந்திருந்தால் நீடிலையும் நீடில் ஜெட்டையும் சேர்த்து மாற்றுவது நல்லது. ஆனால் தேய்மானம் இடைவெளியைக் கூட்டும், அதனால் பெட்ரோல் அதிகமாகுமே தவிரக் குறையாது. ஆகவே உங்கள் குறைக்கு அது காரணம் அல்ல.

கிளிப்பை ஒரு பள்ளம் மட்டும் இறக்குங்கள். ஸ்லைடைத் திரும்பப் போடும்போது அதன் வெட்டு ஏர் பில்டர் பக்கம் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் உள்ள காடி உள்ளே இருக்கும் முனையில் சரியாக அமர வேண்டும். அமராத ஸ்லைடை மூடியால் அழுத்தித் திருகக் கூடாது. மூடிய பின், என்ஜினை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே, ஆக்சிலேட்டரை முறுக்கி விட்டுப் பாருங்கள். ஸ்லைடு 'டக்' என்ற சத்தத்துடன் அடியில் வந்து விழ வேண்டும். ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுவதும் திருப்பியும் அதைச் செய்து பாருங்கள். பிறகு அதே சாலையில், அதே கோடுகளை வைத்து ஓட்டிவிட்டு எழுதுங்கள். இந்தச் சமயத்தில் சைலன்சரை மாற்ற வேண்டாம். இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எது எதைச் சரிசெய்தது என்று தெரியாமல் போய்விடும்.

ஒன்றை வலியுறுத்திச் சொல்ல வேண்டும். இந்தக் குறையுடன் வண்டியை நெடுந்தூரம் ஓட்டாதீர்கள். நான்கு வழிச் சாலையில் 55, 60 என்று சீராகப் போகும்போது கை நிற்பது சரியாக அந்தக் கால், அரைக் கோடுகளுக்கு இடையில்தான். பெட்ரோல் குறைந்த கலவையில் அந்த நிலையிலேயே வெயிலில் மணிக்கணக்கில் ஓடினால் எக்ஸாஸ்ட் வால்வு கருகும், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும் அபாயமும் உண்டு. அப்போது என்ஜினைப் பிரிக்கத்தான் வேண்டியிருக்கும்.

திருமங்கலம் புல்லட்காரர் பதில்:

அண்ணன் அவர்களுக்கு, நீடிலை எடுத்துப் பார்த்ததில் கிளிப் மேலே முதல் பள்ளத்திலேயே மாட்டியிருந்தது. அதாவது நீடில் எவ்வளவு தாழ முடியுமோ அவ்வளவு தாழ்ந்து நின்றிருக்கிறது. உடம்பில் நகம் தட்டும் அளவுக்குத் தேய்மானம் இல்லை. இரண்டாவது பள்ளத்தில் மாட்டி ஓட்டியபோது திணறல் பாதியாகக் குறைந்தது, தும்மல் நின்றுவிட்டது. மூன்றாவதில் மாட்டியதும் டாப்பில் 45-இல் இருந்து 70 வரை ஒரே சீராக இழுக்கிறது. கப்பலூர் பக்கம் ஒரு லாரியை முந்தியபோது, இத்தனை மாதங்களாக எதை இழந்திருந்தேன் என்பது அந்த ஒரு முறுக்கிலேயே தெரிந்தது. பிளக் இப்போது வெளிர் பழுப்பு நிறத்தில் இருக்கிறது.

அதிகாலையில் மட்டும், கால் கோட்டை ஒட்டி, மிக லேசான ஒரு தயக்கம் இன்னும் இருக்கிறது. அதற்காக நான்காவது பள்ளத்துக்கு இறக்கலாமா? சைலன்சரையும் மாற்ற வேண்டுமா?

நாகமலை வாசி பதில்:

நான்காவது பள்ளம் வேண்டாம் என்பது என் கருத்து. மீதமிருக்கும் தயக்கம் கால் கோட்டை ஒட்டித்தான் வருகிறது என்றால் அது நீடிலின் எல்லைக்குள் நுழையும் வாசல். அங்கே ஸ்லைடின் வெட்டும் பைலட்டும் இன்னும் பேசிக்கொண்டிருக்கும். அதற்காக நீடிலை உயர்த்தினால், அரைத் திறப்பில் பெட்ரோல் அதிகமாகி, கொடைக்கானல் ஏறும்போது வண்டி புகையும். பைலட் காற்றுத் திருகைக் கால் சுற்று உள்ளே திருகிவிட்டு, அதிகாலையில் ஓட்டிப் பாருங்கள். அதைத் திருகியதும் ஐடிலிங் சற்று மாறும். ஐடில் திருகைத் தொட்டு அதைச் சரிசெய்துகொள்ளலாம்.

திறந்த சைலன்சர் நடுத்தர வேகத்தில் கலவையில் பெட்ரோலின் பங்கைக் குறைத்துவிடும் என்பது உண்மைதான். எனினும் நீடில் மூன்றாவது பள்ளத்தில் நின்றதும் பிளக் நிறம் சரியாகிவிட்டது என்பதால், இழுவைக்காக அதை மாற்றத் தேவையில்லை. சத்தத்துக்காக மாற்றலாம்; ஊருக்குள் அது நல்லதும்கூட. அப்படித் தடுப்புத் தகடு உள்ள பழைய வகைக்குத் திரும்பினால் கலவையில் பெட்ரோல் சற்றுக் கூடக்கூடும். அப்போது பிளக்கை மறுபடி பார்த்து, கருமை தெரிந்தால் கிளிப்பை இரண்டாவது பள்ளத்துக்கு ஏற்றிவிடுங்கள்.

பழங்காநத்தம் பட்டறை பதில்:

நாகமலை நண்பர் சொன்னதையே செய்யுங்கள். மைலேஜ் முன்பைவிடச் சிறிது குறையும்; அதைப் பார்த்துவிட்டு யாரேனும் மறுபடி முதல் பள்ளத்துக்கு ஏற்றினால் சம்மதிக்க வேண்டாம். கார்புரேட்டரை இனி திறக்கும்போது பெட்ரோல் பைப்பையும் ஃப்ளோட் அடியில் உள்ள பேக்கிங்கையும் தொட்டுப் பாருங்கள். பழைய ரப்பர் எத்தனால் பட்டுப் பட்டு ஊறி மென்மையாகும், பிறகு வெடிக்கும். பைப்பை வளைத்ததும் மேற்பரப்பில் மெல்லிய வெடிப்புகள் தெரிந்தால் உடனே மாற்றிவிடுங்கள். வண்டியை வாரக்கணக்கில் நிறுத்தி வைக்க நேர்ந்தால் பெட்ரோல் டேப்பை மூடி, கார்புரேட்டரில் உள்ள பெட்ரோல் தீரும் வரை ஓடவிட்டு அணையுங்கள்.

கழற்றி வைத்த பழைய காயிலையும் கண்டன்சரையும் தூக்கி எறிய வேண்டாம். அவற்றில் குறை இருந்ததாகத் தெரியவில்லை. தூரப் பயணத்தில் கருவிப் பெட்டியில் மாற்றாக இருக்கட்டும்.